முப்பது கூடை நீற்றாத சுண்ணாம்பு

புரட்டாசி ஐந்தாம் நாள் காலையில் என் வீட்டுக்கு வெளிச்சுவர் நான்கும் நடுச்சுவர் ஒன்றும் இருந்தன. மேலே ஒன்றும் இல்லை. நடுச்சுவரின் தலையில் ஒரு நாரை நின்றுகொண்டு, குடிவரப் போகிறவனைப் போல இரண்டு அறையையும் மாறி மாறிப் பார்த்தது.

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்குவதற்கு இரண்டு வருடம் முந்தைய புரட்டாசி அது. அன்றன்றைக்கு நடந்ததை ஓலையில் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஓலைகள் இப்போதும் இருப்பதால் நாள் தவறாமல் சொல்ல முடிகிறது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அன்றைய ஓலையில் எழுதாமல் விட்டேன். எழுதக் கை வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் கும்பினியின் துணிக் கிடங்கில் துணி பார்ப்பது என் வேலை. நெசவாளர் கொண்டுவரும் துணியில் இழை விட்டிருக்கிறதா, நீளம் சரியா, சாயம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து மூன்று தரமாகப் பிரிக்க வேண்டும். பகல் முழுவதும் குறை தேடுகிற கண் அது. சொந்த வீடு கட்டத் தொடங்கியபோது அந்தக் கண்ணே போதும் என்று நினைத்துவிட்டேன்.

வீடு கட்டியே ஆக வேண்டிய நிலை. முந்தின வருடம் கார்த்திகை மாதம், மதியம் தொடங்கிய காற்று சாயங்காலத்துக்குள் எங்கள் ஓலைக் கூரையை முழுசாகத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் போட்டது. என் மனைவி மகளை வயிற்றுக்கடியில் வைத்து மூடி, உரலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தாள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் கிடங்கில் இருந்தேன். அங்கே கூரை பறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அனுப்பம்பட்டுக்கு, தன் அப்பா வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு நிதானமாகத்தான் சொன்னாள்.

“ஓலைக்குக் கீழ இனிமே என்னால படுக்க முடியாது. காரை போட்டு மூடின ஒரு அறை, ஒண்ணே ஒண்ணு போதும். கட்டிட்டுச் சொல்லி அனுப்புங்க, வரேன்.”

நான் இரண்டு அறையாகத் திட்டம் போட்டேன். மனை நூல்கள் மூன்றைப் படித்து, எந்த நீளத்துக்கு எந்த அகலம் நல்லது என்று ஓலையில் கட்டம் வரைந்துகொண்டு கொத்தனாரிடம் போனேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், மறுபக்கமும் பார்த்தார்.

“எல்லாம் சரி. உனக்குக் கிடைக்கிற பனங்கை எத்தினி முழம்?”

“எட்டு.”

“அப்போ அறை ஏழு முழம். மீதி சொவுத்துல உக்காரணும். ஓலைய எடுத்து வெச்சுக்க.”

கூரையைத் தாங்கும் பனஞ்சட்டம்தான் பனங்கை. அப்படியாக வீட்டின் அகலத்தைப் பனைமரம் முடிவு செய்தது. ஆழத்தைத் தண்ணீர் முடிவு செய்தது. எங்கள் ஊர் மணலில் இரண்டு முழம் தோண்டினால் கடைக்கால் குழியில் ஏரி எட்டிப் பார்க்கும். வாசல் எந்தப் பக்கம் என்பது ஒன்றுதான் என் கைக்கு மிஞ்சியது. ஏரியைப் பார்த்து வைத்தேன். அந்த வாசலுக்கென்று கப்பலில் வந்த தேக்கில் இரண்டு அகலப் பலகைகள் வாங்கி, நெய் தடவின மாதிரி இழைத்து, சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். மனைவி வரும்போது முதலில் பார்ப்பது கதவாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சுண்ணாம்பு அந்த வருடம் அரிதாயிற்று. கோட்டை மதிலுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்ததால் பக்கத்துக் காளவாய்களில் கிளிஞ்சல் சுட்டு எடுத்ததெல்லாம் அங்கே போனது. ஆகவே சுவரைச் சேறு வைத்தே எழுப்பினோம். கிடைக்கிற சுண்ணாம்பு முழுவதும் கூரைக்கு என்று முடிவு. பனங்கை பரப்பி, அதன்மேல் மெல்லிய செங்கல்லை விளிம்பில் நிறுத்திக் குத்துக்கல்லாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, பலகையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இறுகின பிறகு எந்த மழைக்கும் அசையாது. இறுகுவதற்கு முன்னால் மழை வந்துவிட்டால்தான் ஆபத்து, அதுவும் கூரைக்கு அல்ல, சுவருக்கு.

கொத்தனார் என்னை நாரை நின்ற சுவருக்குக் கீழே நிறுத்திச் சொன்னார். “சேத்துச் சொவுரு தலையில தண்ணி வாங்கினா ஊறும். ஊறினா வயிறு தள்ளும். தள்ளினா முடிஞ்சுது. ஐப்பசி பொறக்கறதுக்குள்ள மூடிடணும். மழை வந்து வெளிய நின்னுகினு உள்ள வரட்டான்னு கேக்காது.”

பன்னிரண்டு நாள் அலைந்தேன். பதினாறாம் நாள்தான் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு காளவாயில் முப்பது கூடை கிடைக்கும் என்று தகவல் வந்தது. எங்களுக்கு வடமேற்கே, கடல்நீர் ஏறுகிற எங்கள் ஏரியின் கரையில் இருக்கிற ஊர் அது. படகில்தான் கொண்டுவர வேண்டும். நான் கிளம்பும்போது கொத்தனார் ஒரு நிபந்தனை போட்டார்.

சுட்ட கிளிஞ்சல் பார்க்க கிளிஞ்சலாகவே இருக்கும், வெளுத்து, லேசாக. அதில் தண்ணீர் பட்டால் கொதித்து, உப்பி, உதிர்ந்து மாவாகும். அதற்குத்தான் நீற்றுவது என்று பெயர். சாதாரணமாகக் காளவாய்க்காரர்களே நீற்றிக் கொடுப்பார்கள்.

“நீத்தாம கொண்டா,” என்றார் கொத்தனார். “அங்க ஏரித் தண்ணியில நீத்துவாளுங்க. உப்பு ஏறின சுண்ணாம்பு மழைக்காலம் பூரா வேர்க்கும். நம்ம கெணத்துத் தண்ணியில நான் நீத்தறேன். இல்லன்னா உன் பொண்டாட்டி தலையில சொட்டும், அவ என்னத் திட்டுவா.”

குறை இல்லாத கூரை. எனக்கு அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது.

படகு கிடைப்பதும் எளிதாக இல்லை. ஏரியில் இறால் பிடிக்கிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்த நாளில் எந்தக் குப்பம் அங்கே வலை போடலாம் என்பது முறை வைத்துப் பிரித்தது. ஒரு குப்பத்தின் முறைநாளில் மற்றவன் அங்கே துடுப்பைக்கூட அழுத்திப் போட மாட்டான். புரட்டாசியில் இறால் ஏறும் என்பதால் எல்லாப் படகும் தன் தன் முறைக்குக் காத்துக் கிடந்தது. கோட்டைக்குப்பத்துப் படகுக்காரன் ஒருவனுக்கு மட்டும் முறை வர நான்கு நாள் இருந்தது. தன் பெண்டாட்டியின் தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சம்மதித்தான். அந்தத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும், வாய் ஓயாதவன்.

பதினேழாம் நாள் காலை காளவாயில் கூடைகளை எண்ணி வாங்கினேன். காளவாய்க்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பச்சச் சுண்ணாம்ப யாரும் படகுல ஏத்த மாட்டாங்க நைனா. ரெண்டு நாளு இரு, நீத்தித் தரேன்.”

“வேண்டாம். அப்படியே வேண்டும்.”

“நான் சொல்லிட்டேன். அப்புறம் எங்கிட்ட வந்து கொப்புளத்தக் காட்டாத.”

படகுக்காரனும் மச்சானும் அப்போது கரையில் படகில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் அது விழவில்லை. கூடைகளை அடுக்கும்போது படகுக்காரன் கேட்டான்.

“நான் மீனத் தவிர எதையும் ஏத்தினது இல்ல. இதுல ஆபத்து இன்னா நைனா? சொல்லிடுங்க.”

இதுதான் ஓலையில் எழுதாமல் விட்ட இடம். நான் நகல் எடுத்த பழைய சரக்குச் சுவடி ஒன்றில், நீற்றாத சுண்ணாம்பில் ஈரம் பட்டால் பக்கத்தில் இருக்கும் மரமே தீப்பிடிக்கும் என்று படித்திருந்தேன். அப்படி ஒரு கப்பல் நடுக்கடலில் எரிந்துபோன கதையைக் கிடங்குக்கு வந்த மாலுமி ஒருவன் சொல்லியும் கேட்டிருந்தேன். சொன்னால் அவன் ஏற்ற மாட்டான். வேறு படகு இல்லை. கிழக்கே அடிவானத்தில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது.

“மழை படக் கூடாது,” என்றேன். “அவ்வளவுதான்.”

“அவ்ளோதானா? பாய் போட்டு மூடிட்டா போச்சு.”

பொழுது விடிந்து மூன்று நாழிகை ஆனபோது கிளம்பினோம். வாடைக்காற்று மெல்ல வீசியது. பாயை விரித்தால் தெற்கே தானாக ஓடியது படகு. ஏரி பெரும்பாலும் இடுப்பளவுதான், அதிலும் அங்கங்கே மணல்திட்டுகள். நான் கூடைகளின் மேல் ஓலைப்பாய்களை இரட்டையாகப் போட்டு, ஓரங்களைச் செருகி, வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேகம் நாங்கள் பார்க்கும்போது நின்றது, பார்வையைத் திருப்பினால் நகர்ந்தது.

“நைனா ஏன் மேலயே பாத்துக்கினு கீறாரு?” என்றான் மச்சான். “கழுத்து சுளுக்கிக்கும்.”

“வூடு கட்றவரு. அப்படித்தான் பாப்பாரு. நீ கட்னா தெரியும்.”

“நான் எங்க மாமா கட்றது? உங்க வூட்டு மூலையிலதான எங்கக்கா எனுக்கு எடம் குடுத்து வெச்சிருக்கு.”

“அந்த மூலைக்குத்தான் முதல்ல ஓட்ட போடணும்.”

நானும் சிரித்தேன். மேகம் வெயிலை மூடியது. இன்னும் ஒரு பாய் இருந்தால் நல்லது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது மச்சான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான்.

“மாமா, காலு சுடுது.”

“வெயில்ல கெடந்த பலகை சுடாம இன்னா பண்ணும்?”

“வெயிலு எங்க கீது? மேகம் மூடி அரை நாழி ஆச்சே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உச்சி முதல் அடிவரை குளிர்ந்தது என்று சொல்வார்களே, அதற்கு நேர்மாறாக அடியிலிருந்து சூடு ஏறியது. அது பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. தையல் துளைகளில் தேங்காய் நாரும் குங்கிலியமும் வைத்து அடைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட எந்தப் படகும் கொஞ்சம் தண்ணீர் வாங்கும். அவர்களுக்கு அது தண்ணீரே அல்ல. மண்சட்டியால் இறைத்துக் கொட்டிக்கொண்டே பேசுவார்கள். எனக்கும் அது கண்ணில் படவில்லை. நான் வானத்துக்குக் காவல் வைத்தேன். ஈரம் படகின் அடியிலேயே எங்களோடு வந்துகொண்டிருந்தது.

ஓலைப்பாயைத் தூக்கினேன். ஆவி முகத்தில் அடித்தது. மேல் கூடைகளில் கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே இருந்தது. கீழ் வரிசையில் அது பொரி போல உப்பி, வெடித்து, கூடைப் பின்னலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. மேலே நான் போட்ட இரட்டைப் பாய் சூட்டை வெளியே விடாமல் நன்றாகக் காத்திருந்தது. வைக்கோலிலிருந்து மஞ்சளாகப் புகை எழுந்தது.

“புகையுது!” என்று மச்சான் கத்தினான். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டி ஏரித் தண்ணீரை மொண்டு அதன்மேல் வீசினான். படகில் புகை வந்தால் தண்ணீர் ஊற்றாமல் வேறு என்ன செய்வான் ஒருவன்? கூடைகள் சீறின. வெந்த சுண்ணாம்பு கையளவு உயரம் துள்ளி அவன் முழங்கையிலும் மார்பிலும் விழுந்தது. அவன் சட்டியைப் போட்டுவிட்டு அலறினான்.

“தண்ணி ஊத்தாத! தண்ணிதான் இதுக்கு நெருப்பு!” என்றேன்.

படகுக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். படகுப் பாயை இறக்கிவிட்டுக் கழியை எடுத்தான்.

எங்களுக்கு இரு பக்கமும் வரிசையாகக் கழிகள் நட்டிருந்தன. கழிக்குக் கழி வலை. பக்கத்துக் குப்பத்தின் முறைநாள் அன்று. இறால் வலைகளின் நடுவே ஒரு படகு அகலத்துக்கு விட்டிருந்த வழியில் போய்க்கொண்டிருந்தோம்.

“தூக்கிப் போட்டுடலாம் மாமா!” மச்சான் ஒரு கூடையைப் பிடித்தான்.

“கைய எடு! இன்னிக்கு இது நம்ம பாடு இல்ல. இதுல ஒரு புடி உழுந்தாலும் இறாலு செத்து மெதக்கும். நம்ம குப்பத்துக்கே இந்த வருசம் பாடு கெடையாதும்பாங்க.”

“படகு எரியுது மாமா!”

“எரியட்டும். கழிய எடு. தோ அந்தத் திட்டு வரைக்கும்.”

திட்டு முந்நூறு முழத்துக்கு மேல் இருக்கும். இருவரும் கழி ஊன்றினார்கள். நான் இறைக்கும் சட்டியைப் பொறுக்கி, அடித்தண்ணீர் கூடைகளைத் தொடாதபடி மொண்டு மொண்டு கொட்டினேன். அதுவும் வெந்நீராக இருந்தது. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூன்று பேரின் உயிரைப் பற்றியல்ல. எத்தனை கூடை இன்னும் கெடாமல் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு. மறுபடி எண்ணினாலும் பதினெட்டு.

வைக்கோல் ஓரிடத்தில் திகுதிகுவென்று பற்றியது. அதன்மேல் இருந்த கூடையை மச்சான் காலால் உதைத்தான். அது வலைக்கு இந்தப் பக்கம் விழுந்தது. தண்ணீர் கொதித்து வெள்ளையாகப் பரவியது. விரல் நீள மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. படகுக்காரன் அதைப் பார்த்தான். கழியை நிறுத்தவில்லை.

திட்டில் முட்டியதும் மூவரும் முழங்கால் தண்ணீரில் குதித்துப் படகை மணலில் இழுத்தோம். கைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு கூடை கூடையாக இறக்கினோம். அடியில் பாதி கரிந்த பலகை தெரிந்தது. குங்கிலியம் உருகி வழிந்து, நார் தீய்ந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே மணல் தெரிந்தது. படகுக்காரன் அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் வெளியே போயிற்று.

அப்போது முதல் துளி விழுந்தது.

காலையிலிருந்து எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. திறந்த கூடைகள் பதினெட்டு, மூட ஓலைப்பாய் ஒன்றும் கரியாமல் மிஞ்சவில்லை. உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இரண்டாவது துளி என் உதட்டில் விழுந்தது. நல்ல தண்ணீர். ஊர்க் கிணற்றில்கூட அவ்வளவு நல்ல தண்ணீர் கிடையாது. உப்பில்லாத தண்ணீரில் நீற்ற வேண்டும் என்பதுதானே கொத்தனார் சொன்னது!

“குழி!” என்றேன். “குழி தோண்டு. படகுப் பாயை விரி. இது வழிந்து ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.”

துடுப்பாலும் கையாலும் மணலைத் தோண்டினோம். படகின் பாயைக் குழியில் விரித்து, கெடாத கூடைகளைக் கொட்டினோம். மழை வலுத்தது. குழி கொதித்தது. அடிவரிசையிலிருந்து வந்த உப்புச் சுண்ணாம்பை வாரி மச்சான் அதே குழியில் போட வந்தான். நான் தடுத்தேன்.

“அது வேறு. அதற்கு அந்தப் பக்கம் தனிக் குழி.”

படகுக்காரன் மழையில் நின்றபடி என்னைப் பார்த்தான். “இத்தினி நடந்தும் தரம் பிரிச்சிக்கினு கீறியா நைனா?”

அதுவரை அவன் என்னை நீங்கள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தான்.

“நெருப்புப் புடிக்கும்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்ல இடமிருந்தது. மச்சான் கொப்புளித்த கையை மழையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“தெரியும்,” என்றேன்.

அவன் துடுப்பைக் கீழே போட்டான். போய் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

புகையைப் பார்த்துப் பக்கத்துக் குப்பத்தார் இரண்டு படகில் வந்தார்கள். அவர்களின் பெரியவர் இறங்கும்போதே கேட்டார். “இன்னிக்கு எங்க பாடு. இங்க இன்னாடா பண்றீங்க?”

வெள்ளையாய்ப் பரவியிருந்த தண்ணீரை மழை ஏற்கெனவே கலைத்திருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. படகுக்காரன் எழுந்தான்.

“சுண்ணாம்பு ஏத்திக்கினு வந்தோம் பெரியப்பா. படகுல புடிச்சுக்கிச்சு. ஒரு கூடை உங்க வலைக்கிட்ட உள்ள போச்சு. நாலு நாளு கழிச்சு என் முறை வருது, அத்த நீங்க எடுத்துக்கங்க.”

பெரியவர் அவனையும், பிளந்த படகையும், கொதிக்கிற குழியையும், கடைசியாக என்னையும் பார்த்தார். “சரி, எடுத்துக்கறோம்,” என்றார். பிறகு, “அவன் கைக்கு எண்ணெ போடு மொதல்ல. ஏறுங்க,” என்றார்.

அந்த மழை இரண்டு நாள் நின்று பெய்தது. ஊருக்கு வந்து பார்த்தபோது கொத்தனார் சுவர்மேல் ஏறித் தன் வீட்டுப் பாய்களையும் பழைய வலைகளையும் போட்டு மூடிக்கொண்டிருந்தார். ஒரு அறையின் சுவர்களுக்குத்தான் அது போதுமானதாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் காலை மற்ற அறையின் தெற்குச் சுவர் வயிறு தள்ளி, ஒரு பெருமூச்சுப் போன்ற சத்தத்தோடு உட்கார்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மழை விட்டதும் திட்டிலிருந்து சுண்ணாம்பை பக்கத்துக் குப்பத்துப் படகுகளிலேயே கொண்டுவந்தோம். நல்ல குழியின் சுண்ணாம்பைக் கொத்தனார் விரலில் எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார். “உப்பு இல்ல. எந்தக் கெணறு?”

“மேலே,” என்றேன்.

அது ஒரு அறைக்கு மட்டும் போதும் என்றார். நின்றிருந்ததும் ஒரு அறைதான்.

இருபத்தொன்றாம் நாள் படகுக்காரன் வந்தான். அன்றுதான் அவன் விட்டுக்கொடுத்த முறைநாள். ஏரியில் பக்கத்துக் குப்பத்தார் அவன் இறாலை வாரிக்கொண்டிருந்தார்கள். அவன் உட்காரவில்லை.

“தேக்குப் பலகை வெச்சிருக்கியாமே. காட்டு.”

சாக்கைப் பிரித்தேன். அவன் கையால் தட்டிப் பார்த்தான், நீளத்தை முழம் போட்டான். “ரெண்டும் ஆவும்,” என்றான். நான் ஒரு முனையைப் பிடித்தேன், அவன் மறுமுனையைப் பிடித்தான். கோட்டைக்குப்பம் வரை இரண்டு நடையில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மச்சான் கையில் வேப்பெண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. என்னைக் கண்டதும் “நைனா, உன் கதவு மேல குந்திக்கினு மீன் புடிக்கப் போறேன்,” என்றான். அவன் சிரித்தது எனக்கு அடித்தது போல இருந்தது.

பிறகு ஏறக்குறைய இருபது நாள் மழை இல்லை. ஐப்பசியில் அப்படி இடைவெளி விடுவது உண்டு. ஆனால் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பனங்கை ஏறியது, குத்துக்கல் ஏறியது, காரை கொட்டினோம். ஒன்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பலகையால் அடித்தார்கள். தினமும் காலையில் எழுந்ததும் நான் கிழக்கே பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினேன். ஐப்பசி எட்டாம் நாள் கொத்தனார் கூரைமேல் ஏறி, குதிகாலால் நாலு இடத்தில் ஓங்கி மிதித்தார். “ஆச்சு,” என்றார். அன்றே அனுப்பம்பட்டுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஐப்பசி பதினோராம் நாள் மதியம் வண்டி வந்தது. மனைவி இறங்கி, மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, விழுந்து கிடந்த சுவரைப் பார்த்தாள். பிறகு நின்ற அறையைப் பார்த்தாள். வாசல் நிலையில் கோரைப்பாய் தொங்கியது.

“கதவு எங்க?”

நான் ஏரியைக் காட்டினேன். கோட்டைக்குப்பத்துப் படகு ஒன்று கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. கறுத்த பலகைகளுக்கு நடுவே இரண்டு பலகைகள் மட்டும் சந்தன நிறத்தில் பளிச்சென்று தெரிந்தன.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓலையில் எழுதாததையும் சொன்னேன்.

“அவங்ககிட்ட சொல்லாமயா ஏத்தினீங்க?”

“சொல்லாமதான்.”

“அந்த அண்ணனுக்கு கை ஆறிடுச்சா?”

“தோல் உரிந்து வருகிறது.”

அவள் உள்ளே போகவில்லை. வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். கிழக்கே அன்று காலையிலிருந்தே கறுத்துக்கொண்டிருந்தது. நான் வெகு நேரம் அதைப் பார்க்காமல் இருந்தேன். பெரிய துளிகளாக, சடசடவென்று தொடங்கியது. மகள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மழைச் சத்தம் கேட்டால் அவள் அந்த வருடம் முழுவதும் அழுதாளாம். அதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மனைவி வண்டியிலிருந்து ஒரு வெண்கலப் பானையை எடுத்தாள். பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அறையின் நட்ட நடுவில் பானையை வைத்துவிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். எனக்கு உள்ளே போக உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மழை ஏரியின் மேல் வெள்ளையாக நின்றது. கோரைப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது, வாசலில் ஒரு முழத்துக்கு நனைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். நாலு நாழிகை அப்படியே கழிந்தது. மகள் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள்.

மழை விட்டதும் மனைவி எழுந்து பானைக்குள் கையை விட்டு அடிவரை தடவிப் பார்த்தாள். கையை வெளியே எடுத்து, ஈரமில்லாத விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள்.

“நாளைக்கு அந்த அண்ணன் ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிடுங்க,” என்றாள். “வரலன்னா நீங்களே கொண்டுபோய்க் குடுங்க.”

பிறகு அந்தப் பானையிலேயே உலை வைத்தாள்.